நாகரிகமாக இருக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிட்னி
2023 அக்டோபர் 24

எங்கள் சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாக சபையினர், உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

தீபாவளி விழாவின் நிகழ்ச்சி நிரல் நேற்றிரவு வட்ஸ்அப்பில் வந்தது. மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, அவுஸ்திரேலிய தேசிய கீதம், அகவணக்கம், தலைவர் உரை. போன வருசம் வரைக்கும் விளக்கேற்றலுக்கு அடுத்ததாக இன்னொரு வரி இருந்தது: இந்த நிலத்துக்குரிய தாருக் மக்களுக்கு மரியாதை செலுத்துதல். இந்த முறை அதைக் காணவில்லை. ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு நிர்வாக சபையிலிருந்து பதில் வந்தது: "சனம் நோ சொல்லிட்டுது தானே, இனி ஏன்?" கீழே மூன்று கட்டைவிரல்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் நடந்ததும் இதோடு சேர்ந்ததுதான் என்பதால் அதையும் எழுதுகிறேன். நானும் சுத்தமான ஆள் இல்லை. அதையும் மறைக்கப் போவதில்லை.

இந்த மாதம் 14ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பில் எங்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. அரசியலமைப்பை மாற்றி, 'வொய்ஸ்' என்று ஒரு குழுவை அமைத்து, அதன் வழியாக அபோரிஜினல் மக்களையும் டொரெஸ் நீரிணைத் தீவு மக்களையும் இந்த நாட்டின் முதற்குடிகளாக அங்கீகரிப்பதா இல்லையா? அந்தக் குழு தங்கள் மக்களின் விடயங்களில் பாராளுமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் கருத்துச் சொல்லலாம். கேட்பதும் கேளாமல் விடுவதும் அவர்கள் பாடு. 60.06 வீதம் 'இல்லை' என்று வந்தது. ஆறு மாநிலங்களும் மறுத்தன, கன்பராவை உள்ளடக்கிய தலைநகரப் பிரதேசம் மட்டும் 'ஓம்' என்றது. இந்த நாட்டில் அரசியல் யாப்பை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. நாடு முழுக்கப் பெரும்பான்மை வேண்டும், அதோடு ஆறில் நான்கு மாநிலங்களும் வேண்டும். இதுவரை 45 தடவை கேட்டு 8 தடவைதான் வென்றிருக்கிறது, கடைசியாக 1977இல். நான் 'ஓம்' எழுதினவன். தோற்றோம், சரி. ஆனால் சிட்னியின் பரமட்டா ஆற்றங்கரை யாருடைய நிலம் என்று அந்தத் தாளில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குச் சனம் 'நோ' சொன்னதாக நிகழ்ச்சி நிரலைத் திருத்த சங்கத்துக்கு யார் சொன்னது?

இனி, செப்டம்பர் கூட்டம்.

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வசன வாக்கெடுப்புப் பற்றி 'இரண்டு பக்கமும் அறிவோம்' என்று போட்டிருந்தீர்கள். நல்ல யோசனை. பேசியவர் படித்தவர், அழகாகத் தமிழ் பேசுகிறவர், குரல் உயர்த்தாதவர். நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அறுபதாயிரம் வருசம் இருந்தும் ஒரு சில்லுக்கூடக் கண்டுபிடிக்காத ஆக்களுக்கு இப்ப என்ன வொய்ஸ்?" மண்டபம் சிரித்தது. நானும் உதட்டைக் கொஞ்சம் விரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தோடு முகம் தானாக அப்படிப் போய்விடுகிறது.

அப்போதுதான் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பிள்ளை எழுந்து நின்றது. கையில் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் பேனையால் பெரிதாக எழுதிய ஒரு தாள்: 'இது பகிடி இல்லை'. சத்தம் போடவில்லை. இருக்கச் சொன்னார்கள், இருக்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது, "அவர் மன்னிப்புக் கேட்டால் இருக்கிறன்" என்றது. தலைமை தாங்கியவர் ஒலிவாங்கியை எடுத்து, "பிள்ளை, நாங்கள் தமிழர். நாகரிகமாக இருக்கவேணும்" என்றார். அன்றிரவு குழுவில் 'நீக்கப்பட்டார்' என்று ஒரு வரி. பேச்சாளருக்குப் பொன்னாடை.

சில்லைப் பற்றி இரண்டு வார்த்தை, கையோடு கையாக. பரமட்டா என்ற பெயர் அங்கே வாழ்ந்த புரமட்டா மக்களின் பெயரிலிருந்து வந்தது, விலாங்கு மீனோடு சேர்ந்த பெயர். ரக்பி அணிக்கு 'ஈல்ஸ்' என்று பெயர் வைத்ததும் அதனால்தான். விக்டோரியாவில் பஜ் பிம் என்ற இடத்தில் குண்டிஜ்மாரா மக்கள் எரிமலைக் கல்லை அடுக்கி, வாய்க்கால் வெட்டி, விலாங்கை வளர்த்துப் பிடித்திருக்கிறார்கள். அதற்கு 6,600 வருசம் வயது சொல்கிறார்கள். யுனெஸ்கோ 2019இல் அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. எங்கள் மூதாதையர் கல்லணை கட்டினதைப் பெருமையாகச் சொல்கிற நாங்கள் இதற்கும் ஒரு தடவை கைதட்டியிருக்கலாம். துங்காபி, கிரவீன் என்று வாய்க்குள் போட்டு மெல்லுகிற பெயர்கள்கூட அவர்களுடையவைதான். பென்டில் ஹில்லில் சாமான் வாங்கிவிட்டுப் பத்து நிமிடம் ஓடினால் பெமுல்வே என்றொரு புறநகர் வரும். 1797இல் பரமட்டாவில் ஆங்கிலப் படையோடு மோதி, 1802இல் சுட்டுக் கொல்லப்பட்ட அபோரிஜினல் போராளியின் பெயர் அது. அவருடைய தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நாங்கள் அங்கே வீடு வாங்கும்போது காணியின் விலையை மட்டும்தான் விசாரித்தோம்.

ஊரை விட்டு வந்த புதிதில் 'பனங்கொட்டை சூப்பி' என்று எங்களைச் சொல்லிச் சிரித்தவர்களும் குரல் உயர்த்தாதவர்கள்தான். அதை அன்றைக்கு நாங்கள் பகிடியாக எடுத்தோமா?

சரி, என் கதை.

அக்டோபர் 3ஆம் திகதி முற்கூட்டிய வாக்களிப்புத் தொடங்கியதும் 'ஓம்' பக்கத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நோட்டீஸ் கொடுக்கப் போனேன். பகிடிகளும் நடந்தன. ஒரு அம்மம்மா "தம்பி, 'ஓம்' எண்டு தமிழில எழுதலாமோ?" என்றார். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்றதும், "அப்ப என்ன வொய்ஸ்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இன்னொருவர் புள்ளடி (X) போட்டுவிட்டு வந்து நின்றார். தேர்தல் ஆணைக்குழு சரி அடையாளத்தை 'ஓம்' என்று எண்ணும், புள்ளடியை எண்ணாது என்றதும் ஓகஸ்டில் எவ்வளவு பெரிய சண்டை! அதை நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய்த் தோற்றார்கள். புள்ளடி என்றால் 'வேண்டாம்' என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று கத்தினவர்களுக்கு இலங்கையைத் தெரியாது. எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து புள்ளடி என்றால் 'இவருக்கே என் வாக்கு'. பல படிவங்களில் புள்ளடி சம்மதத்தைக் குறிக்கும் என்று ஆணைக்குழு சொன்ன விளக்கம் எங்கள் ஊர்க் கிழவிக்குக்கூட விளங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம், எங்கள் சங்கத்தின் ஒவ்வொரு விழாவிலும் முன்வரிசையில் இருக்கிற ஐயா ஒருவர் வந்தார். என் தாளை வாங்கவில்லை. அடுத்த பக்கத்துத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு என்ன நடந்ததோ தெரியாது. மூன்று நாள் வெயில், வீட்டில் கருத்துக்கணிப்புகளைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சல். "83 கலவரத்தில உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடிவந்த நீங்களே இப்பிடி இனவாதியாய் இருக்கிறியள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அவர் நின்றார். "தம்பி, 82இலயும் ஒரு வாக்கெடுப்பு வைச்சவங்கள். ஓம் எண்டால் விளக்கு, இல்லை எண்டால் குடம். தேர்தல் வேண்டாம், இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருசம் இருக்கட்டும், சும்மா ஓம் எண்டு சொல்லுங்கோ எண்டு கேட்டாங்கள். நாங்கள் குடத்துக்குப் போட்டம். விளக்கு வெண்டுது. அடுத்த வருசம் என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியும். அரசாங்கம் வந்து 'ஓம் எண்டு சொல்லு, விபரத்தைப் பிறகு பாப்பம்' எண்டால் எனக்கு வயித்தைக் கலக்கும். அதுக்கு நான் இனவாதியோ?"

அவருடைய முடிவு பிழை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டு வாக்கெடுப்பும் ஒன்றில்லை. அங்கே அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்களுக்காகக் கேட்டார்கள், இங்கே அதிகாரம் இல்லாதவர்கள் 2017இல் நாட்டின் நடுவிலுள்ள உளுருவில் கூடி எழுதிக் கேட்டது பாராளுமன்றம் வழியாக எங்களிடம் வந்தது. ஆனால் அந்த மனிதருக்குள்ளே இருந்தது வெறுப்பு இல்லை, பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கவேண்டிய ஒரே ஆள் அந்த வாசலில் நான்தான். நான் பேசாமல் நிற்க, 'இல்லை' பக்கத்துக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தன்னுடைய மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து ஐயாவை இருத்தினார். என்ன கதைத்தோம் என்று அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. வயதானவர் வெயிலில் நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது தோன்றவில்லை.

செப்டம்பரில் அடிலெய்டில் 'இல்லை' கூட்டத்துக்குப் போனவர்களை வாசலில் நின்று இனவாதிகள் என்று கத்தியவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து, "இவங்களால எங்கட வாக்குப் போகுது" என்று திட்டினவன் நான். பிறகு நானே அதைத்தான் செய்தேன். சத்தம் போட்டதை விட விலாசம் மாறிப்போட்டதுதான் அங்கே பிழை என்று இப்போது படுகிறது. டிக்கெட் எடுத்து ஒரு கூட்டத்துக்குப் போகிற ஓய்வுபெற்ற மனிசனிடம் சட்டமும் இல்லை, பொலிசும் இல்லை. அவரைக் கத்தி என்ன கிடைக்கும்?

பிலோலாவை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச் மாதம் விடியப்புறம் புகலிடம் கேட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போய்த் தடுப்பில் வைத்தபோது, குயின்ஸ்லாந்தின் அந்தச் சின்ன ஊர்ச் சனம்தான் நாலு வருசம் விடாமல் கடிதம் எழுதி, பதாகை பிடித்து, 2022 ஜூனில் அவர்களைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்தது. அந்த ஊர் இருக்கிற ஃபிளின் தொகுதியில் பத்தில் எட்டுப் பேர் 'இல்லை' எழுதியிருக்கிறார்கள். அந்தச் சனத்தை இனவாதி என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு வாய் வராது. அதே நேரத்தில், வடக்குப் பிரதேசத்தில் வாடெய் என்ற அபோரிஜினல் ஊரின் சாவடியில் பத்தில் ஒன்பது பேர் 'ஓம்' எழுதியிருந்தார்கள். பக்கத்தில் தெரிகிற ஒரு குடும்பத்துக்காக எழும்புகிற இரக்கம், தூரத்தில் இருக்கிற ஒரு மக்களின் உரிமை என்று வரும்போது ஏன் தயங்குகிறது என்பதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பதில் இன்னும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன் என்பதற்காக, அந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்ததும் நான் ஐயாவுக்குச் செய்ததும் ஒன்று என்று ஆகாது. நான் கத்தினது தனி மனிசனை. அவள் தாள் பிடித்தது ஒலிவாங்கிக்கு முன்னால், மேடையைப் பார்த்து.

இந்த வருசம் முழுக்க நாகரிகம் என்ற சொல் எவ்வளவு வசதியாக இருந்தது என்று பாருங்கள். ஜூலையில் ஒரு பெரிய வணிகப் பத்திரிகையில், 'ஓம்' பக்கத்துத் தலைவர்களில் ஒருவரான தோமஸ் மேயோவைக் காசுக்கு ஆடுகிற ஆளாக வரைந்து முழுப்பக்க விளம்பரம் வந்தது. பத்திரிகை பிறகு மன்னிப்புக் கேட்டது. நல்ல அச்சு, ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. செனட்டர் லிடியா தோர்ப்பும் 'இல்லை' பக்கம்தான். முதற்குடிகளோடு உடன்படிக்கை முதலில் வேண்டும் என்கிற 'இல்லை' அது. அவரை மிரட்டி, முகத்தை மூடின ஒருவன் அபோரிஜினல் கொடியை எரிக்கும் காணொளியை இந்த மாதம் அவரே வெளியிட்டார். ஆனால் 'அமைதியாகப் பேசுங்கள்' என்ற புத்திமதி பெரும்பாலும் யாருக்குப் போனது? காயப்பட்டுக் குரல் உடைந்தவர்களுக்கு.

அமைதியாகக் கேட்டும் பார்த்திருக்கிறார்கள். யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த வில்லியம் கூப்பர் என்ற முதியவர் மெல்பேர்ணின் ஃபுட்ஸ்கிரேயில் இருந்துகொண்டு 1930களில் ஒரு மனு எழுதினார், பிரித்தானிய மன்னருக்கு. எங்களுக்காகப் பாராளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. மிஷன்களுக்கும் ஒதுக்கு நிலங்களுக்கும் அனுப்பி, 1,814 கையெழுத்துச் சேர்த்தார். அதைவிட மரியாதையான வழி உண்டா? அரசாங்கம் அந்த மனுவை மன்னருக்கு அனுப்பவே இல்லை. 1938 டிசம்பரில், ஜேர்மனியில் யூதர்களின் கடைகளும் கோயில்களும் உடைக்கப்பட்டதைக் கேள்விப்பட்டு, அதே மனிதர் தன் ஆட்களோடு மெல்பேர்ணிலிருந்த ஜேர்மன் துணைத்தூதரகத்துக்குப் போய்க் கண்டனக் கடிதம் கொடுக்கப் பார்த்தார். அங்கேயும் வாங்கவில்லை. சொந்த நாட்டில் குடிமகனாக எண்ணப்படாதவர், தெரியாத ஒரு மக்களுக்காகப் போனார். 1941இல் இறந்துபோனார். அந்தக் கண்டனக் கடிதத்துக்கு 85 வருசம் கழித்து, கருத்துச் சொல்ல ஒரு குழு என்ற மிகச் சின்னக் கோரிக்கையோடு அவருடைய பிள்ளைகளின் பிள்ளைகள் வந்தபோது நாடு 'இல்லை' என்றது. வாக்குத் தோற்ற அந்த இரவே அவர்கள் ஒரு வார மௌனம் அறிவித்துக் கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். நேற்று முன்தினம் பிரதமருக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல் எழுதியிருக்கிறார்கள். அதன் சொற்கள் கடுமையானவை. கடுமை அவர்களுக்கு இப்போதுதான் வந்தது என்று நினைத்தால் கூப்பரை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

எங்களுக்கு இது புரியாத கதையா? 1956 ஜூன் 5ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் சத்தம் போடாமல், திருப்பி அடிக்காமல் இருந்தவர்களைத்தான் காடையர்கள் அடித்தார்கள். 2009இல் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி டொரொண்டோவின் கார்டினர் நெடுஞ்சாலையிலும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலும் எங்கள் சனம் குந்தினபோது, வேலைக்குப் போகமுடியாமல் நின்றவர்கள் என்ன சொன்னார்கள்? 'இது நாகரிகமா? உங்கள் நாட்டுச் சண்டையை ஏன் எங்கள் ரோட்டில்?' அந்தக் கேள்வி இன்றும் எங்களுக்குச் சுடுகிறது. சுடுகிறதா இல்லையா, தலைவர் அவர்களே? நீங்கள் அந்த நாட்களில் சிட்னி மார்ட்டின் பிளேசுக்கு ஆட்களை பஸ்ஸில் ஏற்றினவர். நான் அதே பஸ்ஸில் பின்சீட்டில் இருந்தவன்.

இன்னும் ஒன்று, பலருக்குத் தெரியாதது. 1901 யாப்பில், எந்த 'இனத்து' மக்களுக்கும் தனிச்சட்டம் போடும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொடுத்த ஒரு பிரிவு உண்டு. அபோரிஜினல் மக்களை அந்தப் பிரிவு அன்று வெளியே விட்டது. அதை எழுதினவர்களின் மனதில் இருந்தது சீனரும் பசிபிக் தீவாரும் எங்களைப் போன்ற இந்தியத் துணைக்கண்டத்து ஆட்களும். 1967 வாக்கெடுப்பில் 90.77 வீதம் 'ஓம்' வந்து அந்த விலக்கு நீங்கியது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை கரையத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். எங்கள் விசாவுக்கு வழி திறந்த அந்தக் காற்றை வீச வைத்தவர்களில் அவர்களும் உண்டு. 'இது எங்கட பிரச்சினை இல்லை' என்று குழுவில் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கவேண்டும்.

நான் கேட்பது பெரிதில்லை. நிகழ்ச்சி நிரலில் எடுத்த வரியைத் திரும்பப் போடுங்கள். போன வருசம் மாதிரி கூகிளில் எடுத்ததை ஒருவர் அவசரமாக வாசித்து, தாருக் என்பதைத் 'துர்க்' என்று சொல்லிவிட்டு இறங்குவதாக இல்லாமல். முடிந்தால் தாருக் மூத்தவர் ஒருவரை அழைத்து, அவரே வரவேற்கட்டும். மிருதங்கக்காரருக்குக் கொடுக்கிற சன்மானத்தில் குறையாமல் அவருக்கும் கொடுங்கள். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருத்தாதீர்கள். 'இல்லை' எழுதினவர்களும் எழுந்து நிற்கட்டும், நிற்பதற்கும் அந்த வாக்குக்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பிள்ளையைக் குழுவில் திரும்பச் சேருங்கள். மன்னிப்பு அவளிடம் கேட்கவேண்டியது. குழுவில் பொதுவாக 'யாராவது மனம் புண்பட்டிருந்தால்' என்று போடவேண்டாம், எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வசனங்களிலேயே மோசமானது அது. சனிக்கிழமை வகுப்பில் இரண்டு கிழமையாக அவளைக் காணவில்லை, பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஐயாவிடம் போன ஞாயிறு போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்து, உளுருவில் எழுதினார்களாமே, அந்தக் கடிதம் தமிழில் இருக்கிறதா என்று கேட்டார். ஒரே பக்கம்தான், நானே மொழிபெயர்த்துக் கொண்டுவருகிறேன் என்றேன். "எழுத்துப் பெருசாய்ப் போடு" என்றார்.

அடுத்த ஞாயிறு நிர்வாக சபை கூடுகிறது என்று செயலாளர் அறிவித்திருக்கிறார். மண்டபத்தில் கதிரை அடுக்க ஆள் போதாது என்றும் போட்டிருந்தார். நான் நாலரைக்கே வந்துவிடுவேன். திறப்பு யாரிடம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவன்